கொய்யாவில் மாவுப்பூச்சி: எறும்பை நிறுத்தியதும் தீர்ந்தது

நத்தம் பக்கம் எங்கள் வீட்டுக் கொய்யா மரத்தில் மூன்று வாரமாக மாவுப்பூச்சி, வெள்ளை மாவு போல ஒட்டிச் சாறு உறிஞ்சும் பூச்சி. இலையெல்லாம் பிசுபிசுப்பு, மேலே கரும்பூசணம். வேப்பெண்ணெயும் சோப்புக் கரைசலும் இரண்டு முறை அடித்தேன். நாலே நாளில் திரும்ப வந்தது. தண்ணீரைப் பீய்ச்சியும் பார்த்தேன், அதே கதைதான்.

அப்புறம்தான் தண்டைக் கவனித்தேன். நீளக் கால்களோடு தாறுமாறாக ஓடும் மஞ்சள் எறும்புகள். 2022-இல் கரந்தமலை அடிவார ஊர்களைப் படுத்திய அதே மஞ்சள் பைத்திய எறும்பு. மாவுப்பூச்சி கழிக்கும் இனிப்பு நீருக்காக இந்த எறும்பு அதைக் காவல் காக்கும், அதைத் தின்ன பொறிவண்டு வந்தால் விரட்டும்.

தண்டில் துணி சுற்றி, மேலே பிளாஸ்டிக் தாள் கட்டி, அதில் கிரீஸ் தடவினேன். கிரீஸ் நேராகப் பட்டையில் படக்கூடாது. சுவரைத் தொட்ட கிளைகளையும் வெட்டினேன். அப்படியும் எறும்பு குறையவில்லை. மரத்தில் கட்டியிருந்த துணிக்கொடி வழியாக வரிசையாக ஏறிக்கொண்டிருந்தது! கொடியை அவிழ்த்த இரண்டாம் நாள் மரத்தில் எறும்பே இல்லை.

ஒரு விஷயம் முக்கியம். சில நாளில் நீளமான வெள்ளை இழைகளோடு பெரிய 'மாவுப்பூச்சிகள்' தென்பட்டன. நசுக்கப் போனேன். குச்சியால் தொட்டதும் விறுவிறுவென ஓடியது. மாவுப்பூச்சி அப்படி ஓடாது. அது மாவுப்பூச்சியைத் தின்னும் பொறிவண்டின் புழு. முன்பு எத்தனையைத் துடைத்தெறிந்தேனோ, நினைத்தால் வருத்தம்தான். மருந்தடிப்பதை நிறுத்தினேன். மூன்று வாரத்தில் புதுத் தளிர் சுத்தமாக வந்தது. கிரீஸில் தூசி படிந்தால் எறும்பு அதன்மேல் நடந்துவிடும், வாரம் ஒருமுறை புதிதாகத் தடவுகிறேன்.