சபையில் பெரியவர்களுக்கான படிப்பு வகுப்பு: யூத ஜெப ஆலய முறையில் தொடங்குவது எப்படி

முதியோர் கல்வி என்றதும் நம் நினைவுக்கு வருவது சிலேட்டும், இரவு விளக்கும், ‘அ’ எழுதப் பழகும் கையும்தான். 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் எழுத்தறிவில் தமிழ்நாட்டின் முதலிடத்தைப் பெற்ற கன்னியாகுமரி மாவட்டத்தில், எழுதப் படிக்கத் தெரிந்த பெரியவர்களுக்கு மேற்கொண்டு என்ன கற்பிப்பது என்ற கேள்வியைச் சபைகள் இன்னும் சரியாகக் கேட்கவில்லை. ஓய்வுநாள் பள்ளி பிள்ளைகளோடு முடிந்துவிடுகிறது. பெரியவர்களுக்கென்று நடத்தப்படும் வேதபாட வகுப்போ, பெரும்பாலும் காலையில் கேட்ட பிரசங்கத்தின் இரண்டாம் பகுதியாகவே அமைகிறது. ஒருவர் பேச, நாற்பது பேர் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போகிறோம்.

யூத சபைகள் இதை வேறு விதமாகச் செய்கின்றன. ஐரோப்பிய யூதர்களின் இத்திஷ் மொழியில் ஜெப ஆலயத்துக்கு ‘ஷூல்’ என்று பெயர்; அது பள்ளிக்கூடம் என்னும் பொருளுடைய ஜெர்மன் சொல்லிலிருந்து வந்தது. தொழுமிடத்தையும் படிக்குமிடத்தையும் ‘பள்ளி’ என்ற ஒரே சொல்லால் குறிக்கும் நமக்கு இதில் வியப்பு இராது. அங்கே எபிரெய எழுத்துப் பயிற்சி, ஜெப நூல் விளக்கம், வாராந்தர வேதப் பகுதி ஆகியவை பெரியவர்களுக்கும் நடத்தப்படுகின்றன. இளவயதில் வாய்ப்புக் கிடைக்காத பெண்கள் ஐம்பது, அறுபது வயதில் எபிரெயம் கற்று, சபை நடுவே தோராவை, அதாவது மோசேயின் ஐந்து ஆகமங்களை, வாசிக்க முன்வருவதும் பல சபைகளில் உண்டு. நாம் எடுத்துக்கொள்ளத்தக்கது இவற்றுள் வாராந்தரப் பகுதியும், இருவராக அமர்ந்து படிக்கும் முறையுமே.

முதலில் காலத்தைத் தீர்மானியுங்கள். மோசேயின் ஐந்து ஆகமங்களை யூதர்கள் 54 பகுதிகளாகப் பிரித்து ஓராண்டில் வாசித்து முடிக்கிறார்கள். அந்த 54ஐயும் நாம் முதலாண்டிலேயே எடுத்துக்கொண்டால் மூன்றாம் மாதத்தில் வகுப்பு கலைந்துவிடும். ஆதியாகமத்துக்கு உரியவை 12 பகுதிகள்; பன்னிரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் போதும். அவர்களுடைய சுற்று இலையுதிர் காலத்தில் தொடங்குகிறது. நமக்கு அது வடகிழக்குப் பருவமழையும் அதையடுத்த கிறிஸ்துமஸ் வேலைகளும் சேரும் காலம். ஆகவே ஜனவரி இரண்டாம் வாரத்தில் தொடங்குவது நல்லது. ரப்பர் இலை உதிர்ந்து பால்வெட்டு ஓயும் வாரங்கள் இதற்குள் அடங்குவதால், விளவங்கோடு, கல்குளம் பக்கத்துத் தோட்டத் தொழிலாளர்கள் வருவதற்கும் வசதியாக இருக்கும். அசனமோ, திருமண வீடோ, பரிசுத்த வாரமோ குறுக்கிட்டால் அந்த வாரத்தை விட்டுவிட்டு அடுத்த வாரம் அதே பகுதியிலிருந்து தொடருங்கள். ஆராதனை முடிந்ததும் ஒன்றேகால் மணி நேரம் போதும். கட்டன் சாயாவுக்கு ஒருவரைப் பொறுப்பாக்கிவிடுங்கள். இது சிறிய விஷயமன்று.

ஒரு பகுதி பெரும்பாலும் மூன்று நான்கு அதிகாரங்கள் கொண்டது. முழுப் பகுதியை வீட்டில் வாசித்து வரச் சொல்லிவிட்டு, வகுப்பில் பத்து முதல் இருபது வசனங்களை மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும். பிறகு வந்தவர்களை இரண்டிரண்டு பேராக அமர்த்துங்கள். இதை எபிரெய வழக்கில் ‘ஹவ்ரூதா’ என்பார்கள். தோழன் என்ற சொல்லோடு உறவுடைய சொல் அது. ஒருவர் உரக்க வாசிக்கிறார், மற்றவர் நிறுத்திக் கேள்வி கேட்கிறார், பிறகு மாறிக்கொள்கிறார்கள். அரை மணி நேரம் இப்படியே போகட்டும். அறை முழுவதும் ஒரே நேரத்தில் பல குரல்கள் எழுவதால் சந்தை இரைச்சல் போலிருக்கும். யூதர்களின் படிப்பு மண்டபங்களில் அந்த இரைச்சலே நல்ல படிப்பின் அறிகுறியாகக் கருதப்படுகிறது. ‘அமைதி, அமைதி’ என்று மேசையைத் தட்டும் பழக்கத்தை மட்டும் கைவிடுங்கள்.

இணை சேர்ப்பதில் கவனம் வேண்டும். கணவனையும் மனைவியையும் ஒன்றாக அமர்த்தினால் ஒருவர் பேச மற்றவர் தலையாட்டுவார். வாத்தியார் ஒருவரையும் அவருடைய பழைய மாணவரையும் சேர்த்தாலும் அதே கதைதான். மொழிபெயர்ப்பு மாறுபடும்படி இணை சேர்ப்பது மிகுந்த பயன் தரும். ஒருவர் கையில் பழைய திருப்புதல், மற்றவர் கையில் 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பு. ஒருவருக்கு அது ஆதியாகமம், மற்றவருக்குத் தொடக்க நூல். தலைப்பிலேயே பேச்சு தொடங்கிவிடும். இம்மாவட்டம் 1956 நவம்பர் 1ஆம் நாள் தமிழகத்தோடு இணைவதற்கு முன் மலையாளத்தில் படித்த மூத்தவர் யாரேனும் இருந்தால், அவருடைய மலையாள வேதாகமத்தையும் கொண்டுவரச் சொல்லுங்கள்.

நான்காம் வாரத்தை எடுத்துக்காட்டாகப் பார்ப்போம். ஆதியாகமம் 22ஆம் அதிகாரம், ஆபிரகாம் ஈசாக்கைப் பலியிடக் கொண்டுபோகும் பகுதி. பிரசங்கத்தில் நூறு முறை கேட்டதால், இதில் கேட்பதற்கு இனி ஒன்றுமில்லை என்று எல்லோரும் எண்ணுவார்கள். மலைக்குப் போகும்போது இருவரும் கூடிப் போனார்கள் என்று இரண்டு முறை வருகிறது. 19ஆம் வசனத்தில் ஆபிரகாம் வேலைக்காரரிடம் திரும்பி வருகிறான். ஈசாக்கின் பெயர் அங்கே இல்லை. ‘மகன் எங்கே?’ என்ற கேள்வியை நீங்கள் சொல்லிக்கொடுக்காமல், யாராவது ஒரு தாய் கேட்கும் வரை காத்திருங்கள். அதற்கடுத்த அதிகாரம் சாராளின் மரணத்தோடு தொடங்குகிறது. மகனுக்கு நேரவிருந்ததைக் கேட்ட அதிர்ச்சியில் அவள் உயிர் பிரிந்தது என்னும் பழைய விளக்கத்தை, பிரான்சின் துரோயா நகரில் வாழ்ந்த யூத உரையாசிரியர் ராஷி (1040–1105) தம் உரையில் தருகிறார். ஆனால் அதை முதலிலேயே சொல்லிவிடக் கூடாது. உரை எப்போதும் கேள்விக்குப் பிறகே வரவேண்டும். முந்திக்கொண்டால் கேள்வி எழாமலே போகும்.

வகுப்பை நடத்துபவர் போதகராகவே இருக்க வேண்டியதில்லை. முதல் சில வாரங்களுக்கேனும் அவர் ஓர் இணையில் சாதாரண மாணவராக அமர்ந்தால் மற்றவர்களின் வாய் திறக்கும். 1920இல் ஜெர்மனியின் பிராங்பர்ட் நகரில் யூதத் தத்துவ அறிஞர் பிரான்ஸ் ரோசன்ஸ்வைக் பெரியவர்களுக்கென்று நடத்திய யூதக் கல்விக் கூடத்தில், கற்பிக்க வந்தவர்களுள் சிலர் தாங்களே அண்மையில் கற்கத் தொடங்கியவர்களாக இருந்தார்கள். நடத்துபவரின் வேலை, கடைசி இருபது நிமிடத்தில் ஒவ்வோர் இணையிடமிருந்தும் விடையை அல்ல, ஒரு கேள்வியைக் கேட்டு வாங்குவதே.

அசல் வகுப்பைக் கேட்க விரும்புவோர், வாராந்தரப் பகுதி வகுப்பை இணையவழி நடத்தும் அமெரிக்க ஜெப ஆலயங்களுக்கு எழுதி, தாங்கள் யார், ஏன் கேட்க விரும்புகிறோம் என்பதைத் தெரிவித்து அனுமதி பெறலாம். சனிக்கிழமை காலை 10 மணிக்கு நியூயார்க்கில் நடக்கும் வகுப்பு, அங்கே கோடை நேரம் நடப்பிலிருந்தால் நமக்கு இரவு 7.30க்கும், மற்ற மாதங்களில் 8.30க்கும் வரும். ஓய்வுநாளைக் கண்டிப்பாகக் கடைப்பிடிக்கும் சபைகள் அன்று கணினியைத் தொடுவதில்லை. அவர்களிடம் வாரநாள் வகுப்பைக் கேளுங்கள். அங்கே நாம் விருந்தினர். நம் விசுவாசத்தை நிறுவவோ, அவர்களுடையதைத் திருத்தவோ வகுப்பைப் பயன்படுத்துவது மரியாதையன்று. அவர்களுடைய பண்டிகைச் சடங்குகளை நம் மேடையில் நாடகமாக நடிப்பதையும் தவிர்க்க வேண்டும்.

ஐந்தாம் ஆகமத்தை முடிக்கும் நாளிலேயே யூதர்கள் ஆதியாகமத்தின் தொடக்கத்தை மறுபடி வாசித்துவிடுகிறார்கள். பன்னிரண்டாம் வாரம் யோசேப்பு எகிப்தில் பெட்டியில் வைக்கப்படும் வசனத்தோடு ஆதியாகமம் முடியும்போது நீங்களும் அப்படியே செய்யுங்கள். நன்றியுரைக்கும் பொன்னாடைக்கும் முன், யாத்திராகமத்தின் முதல் ஐந்து வசனங்களை உரக்க வாசித்து, அடுத்த இணைகளின் பட்டியலைக் கதவில் ஒட்டிவிடுங்கள்.