நான்காம் தலைமுறை மொழியில் முழு டேட்டாபேஸ் மென்பொருள்: புதியவர்கள் சறுக்கும் இடங்கள்

ஃபாக்ஸ்ப்ரோ, இன்ஃபார்மிக்ஸ் 4ஜிஎல், ப்ரோக்ரஸ் போன்ற நான்காம் தலைமுறை மொழிகளில், அதாவது என்ன வேண்டும் என்று சொன்னால் எப்படி என்பதில் பெரும்பகுதியைத் தானே பார்த்துக்கொள்ளும் மொழிகளில், முதல் நாளே ஒரு திரை வந்துவிடும். கோபோல் (COBOL) போன்ற பழைய மொழியில் பக்கம் பக்கமாக எழுத வேண்டியது இங்கே நாலைந்து வரியில் முடிந்துவிடும். சிக்கலும் அங்கேதான். நாம் எழுதாத வரிகளை மொழி தானே எழுதிக்கொள்கிறது. ஒருவர் எடுத்த பதிவை மற்றவர் மாற்றாமல் தடுக்கும் பூட்டை எப்போது போடுவது, எப்போது சேமிப்பது என்பதையெல்லாம் அதுவே முடிவு செய்கிறது. அது என்ன முடிவு செய்தது என்று பார்க்காமல் மேலே கட்டிக்கொண்டே போகிறோம்.

திரை சீக்கிரம் வருவதால் திரையிலிருந்தே தொடங்கிவிடுவது முதல் தவறு. நூலகத்துக்கு ஒரு மென்பொருள் என்று வைத்துக்கொள்வோம். படிவத்தில் ‘புத்தகம் 1’, ‘புத்தகம் 2’, ‘புத்தகம் 3’ என்று மூன்று கட்டங்கள் வரைகிறோம். அவை அப்படியே டேபிளில் மூன்று நெடுவரிசைகளாகிவிடும். நான்காவது புத்தகம் வந்தால் டேபிளையே மாற்ற வேண்டும். முதலில் காகிதத்தில் உறுப்பினர், புத்தகம், இரவல் என்று பிரித்து எழுதிப் பாருங்கள். எழுதும்போதே அடுத்த கேள்வி வரும்: ஒரே நூலுக்கு மூன்று பிரதிகள் இருந்தால் எது யாரிடம் இருக்கிறது? அப்போ பிரதிக்கும் தனி டேபிள் வேண்டும். இந்தக் கேள்வியைத் திரை ஒருநாளும் கேட்காது.

அடுத்தது, மொழி மாறும்போது பழைய பழக்கத்தைக் கூடவே கொண்டுவருவது. ஃபாக்ஸ்ப்ரோவில் ‘ரீப்ளேஸ்’ என்று மட்டும் கொடுத்தால் நிற்கும் ஒரே பதிவுதான் மாறும். டேட்டாபேஸ்களிடம் கேள்வி கேட்கும் மொழியான எஸ்கியூஎல்லில் (SQL) ‘வேர்’ (WHERE) நிபந்தனை இல்லாமல் ‘அப்டேட்’ கொடுத்தால் டேபிள் முழுக்க மாறிவிடும். நானே ஒருமுறை இப்படி எல்லா இரவல்களையும் ‘திரும்பியது’ ஆக்கியிருக்கிறேன். அதிலிருந்து, அதே நிபந்தனையை முதலில் ‘செலக்ட்’டில் போட்டு எத்தனை வரி வருகிறது என்று எண்ணிவிட்டுத்தான் ‘அப்டேட்’ பக்கம் போவேன். இன்னொன்று: ஃபாக்ஸ்ப்ரோவின் ‘டிலீட்’ பதிவுக்குக் குறி மட்டுமே போடும். ‘பேக்’ கொடுக்கும் வரை அது கோப்பிலேயே இருக்கும்.

நல் (null), அதாவது எதுவும் நிரப்பாமல் விட்ட மதிப்பு, சத்தமே போடாமல் கவிழ்க்கும். திரும்பாத புத்தகங்களைத் தேட ‘திரும்பிய தேதி = நல்’ என்று எழுதினால் ஒரு வரிகூட வராது; ‘இஸ் நல்’ என்றுதான் கேட்க வேண்டும். இதைவிட மோசமானது ‘நாட் இன்’. இதுவரை இரவல் வாங்காத உறுப்பினர் யார் என்று அதை வைத்துத் தேடுகிறீர்கள். இரவல் டேபிளில் ஒரே ஒரு உறுப்பினர் எண் நல்லாக இருந்தாலும் பட்டியல் காலியாகத்தான் வரும். பிழைச் செய்தி எதுவும் வராது. ‘நாட் எக்ஸிஸ்ட்ஸ்’ என்று எழுதினால் இந்தத் தொல்லை இல்லை.

என் கணக்கில் மிகப் பெரிய தவறு பூட்டு விஷயத்தில்தான் நடக்கிறது, ஏனென்றால் தனியாக உட்கார்ந்து பழகும்போது அது தெரியவே தெரியாது. ப்ரோக்ரஸில் எதுவும் சொல்லாமல் ‘ஃபைண்ட்’ கொடுத்தால் அது பகிர்வுப் பூட்டோடு (பலர் சேர்ந்து படிக்கலாம், ஆனால் அதுவரை யாரும் மாற்ற முடியாது) பதிவை எடுக்கும். இரண்டு பேர் ஒரே பதிவை அப்படி எடுத்து, இருவருமே மாற்றப் பார்த்தால், ஒருவருக்காக மற்றவர் காத்துக்கொண்டு நிற்பார்கள். தனிப் பூட்டோடு (ஒருவர் மட்டுமே வைத்திருக்கக்கூடியது) எடுத்துவிட்டுத் திரையில் உள்ளீட்டுக்குக் காத்திருந்தாலும் கதை அதேதான்: பயன்படுத்துபவர் தொலைபேசியில் பேசப் போய்விட்டால் அந்தப் பதிவை வேறு யாரும் தொட முடியாது. பூட்டு இல்லாமல் படியுங்கள். அவர் நிதானமாகத் திருத்தட்டும். சேமி என்றதும் பரிவர்த்தனையை (முழுதாக நடக்கும் அல்லது எதுவுமே நடக்காத மாற்றத் தொகுப்பை) தொடங்கி, பதிவைத் தனிப் பூட்டோடு மறுபடி எடுத்து, இடையில் வேறு யாராவது மாற்றியிருக்கிறார்களா என்று பார்த்துவிட்டு எழுதுங்கள். உங்கள் நிரலில் எந்த பிளாக் (நிரல் பகுதி) பரிவர்த்தனை ஆகியிருக்கிறது என்பதை ஊகிக்க வேண்டியதில்லை. ப்ரோக்ரஸில் கம்பைல் செய்யும்போது லிஸ்டிங் (நிரலின் வரிப் பட்டியல்) கேட்டால் அதிலேயே காட்டிவிடும்.

பத்துப் பதிவுகளை வைத்துச் சோதிப்பதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பத்துக்கு இண்டெக்ஸ் (பதிவுகளை வேகமாகத் தேட உதவும் அட்டவணை) இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒன்றுதான். ஒரு லட்சம் போலிப் பதிவுகளைக் கொட்டிப் பாருங்கள். விஷுவல் ஃபாக்ஸ்ப்ரோவில் ஒரு டேபிள் கோப்பு 2 ஜிபிக்கு மேல் போகாது என்பதும் நினைவில் இருக்கட்டும்.

அந்த மொழிக்கு மைக்ரோசாஃப்ட் தந்துவந்த ஆதரவு 2015 ஜனவரியோடு முடிந்துவிட்டது. விதிகளை எல்லாம் பொத்தான்களுக்குப் பின்னால் எழுதி வைத்தவர்கள் வேறு மொழிக்கு மாறும்போது ஒவ்வொரு திரையாகத் திறந்து அவற்றைத் தோண்டியெடுக்க வேண்டியிருக்கும். ‘உறுப்பினர் இல்லாமல் இரவல் இல்லை’ போன்ற விதிகளை டேட்டாபேஸிலேயே வையுங்கள். வெளியிலிருந்து கோப்பு வழியாக ஏற்றும் தரவுக்கும் அவை பொருந்தும்.

அப்புறம், திரையும் அறிக்கையும் ஓடியவுடன் ‘முடிந்தது’ என்று சொல்லிவிடாதீர்கள். பேக்கப்பை வேறொரு கணினியில் மீட்டு, சாதாரணப் பயனர் உரிமையோடு உள்ளே நுழைந்து, ஒரு புத்தகத்தை இரவல் கொடுத்துத் திரும்ப வாங்கிப் பாருங்கள்.