அம்மாவின் கிளினிக் கொப்பியைப் போனுக்குள் கொண்டுவருவது எப்படி

2009 இடம்பெயர்வில் காணி உறுதியோடு கிளினிக் கொப்பியையும் தொலைத்த வீடுகள் வன்னியில் நிறைய. எங்கள் வீடும் அதில் ஒன்று. அதனால் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன், சலரோகம், பிரஷர் என்று மாதாமாதம் கிளினிக்குக்குப் போகிற ஒருவர் வீட்டில் இருந்தால் அவருடைய கொப்பியின் பிரதி ஒன்று உங்கள் போனில் இருக்கவேண்டும்.

கொப்பியை முற்றத்து வெளிச்சத்தில் வைத்து, பக்கம் முழுவதும் தெரிய, எழுத்து வாசிக்கிற மாதிரி படம் எடுங்கள். ரத்தப் பரிசோதனை முடிவு, ஈசிஜி, வார்டில் துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பும்போது தந்த நோய்நிர்ணய அட்டை எல்லாவற்றையும் அந்த ஆளின் பெயரில் ஒரே அல்பத்தில் போடுங்கள். அடுத்த தடவைகளில் கிளினிக் முடிந்து பஸ்ஸுக்கு நிற்கும்போதே எடுத்துவிடுவது நல்லது, வீட்டுக்கு வந்தால் மறந்துபோகும்.

அப்புறம் மருந்து. இதில்தான் நாங்கள் பட்டோம். ஒரு நாள் நடுச்சாமத்தில் அம்மாவுக்கு வியர்த்துக் கொட்டி, பேச்சும் குழற, கிடைத்த ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு ஓடினோம். கொப்பி வீட்டில். டொக்டர் என்ன சீனிக் குளிசை, எத்தனை மில்லிகிராம், கடைசியாக எப்போது போட்டவர் என்று கேட்க, சின்ன வெள்ளைக் குளிசை என்பதற்கு மேல் எனக்கு ஒன்றும் சொல்லத் தெரியவில்லை. அரச ஆஸ்பத்திரியில் குளிசையை உதிரியாகக் கடதாசி உறையில் போட்டுத் தருவார்கள், அந்த உறையையும் படம் எடுங்கள். மருந்தின் பெயர், அளவு, காலையா இரவா என்பதை போனில் ஒரு குறிப்பாகவும் தட்டி வையுங்கள். ஒவ்வாத மருந்து இருந்தால் அதுதான் முதல் வரி. போனைத் திறக்காமலே அவசரத் தகவல் பார்க்கிற வசதி பெரும்பாலான போன்களில் இருக்கிறது, அதையும் நிரப்பிவிடுங்கள்.

கணினியில் பதிகிற அரச ஆஸ்பத்திரிகளில் ஆளுக்கொரு சுகாதார இலக்கம் தருகிறார்கள். அதைப் பத்திரமாக வைத்து, போகும்போதெல்லாம் காட்டுங்கள். ஒவ்வொரு தடவையும் புதிதாக, பெயரை வேறு வேறு எழுத்தில் பதிந்தால் பழைய பதிவு ஒரு பக்கம், புதியது ஒரு பக்கம் என்று கிடக்கும். ஆனால் எல்லா இடமும் கணினியில் இணைந்துவிடவில்லை. கிளிநொச்சியிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு மாற்றினால் கொப்பியும் கூடவே போகவேண்டும்.

வீட்டில் பிரஷர் பார்ப்பவர்கள் ஐந்து நிமிடம் சாய்ந்து உட்கார்ந்து, கையை நெஞ்சு மட்டத்தில் வைத்து, ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு தடவை பார்த்து, திகதியோடு எழுதுங்கள். ஒரு நாள் கணக்கை வைத்து டொக்டரால் பெரிதாக ஒன்றும் சொல்லமுடியாது, இரண்டு கிழமைக் கணக்கு மருந்தின் அளவையே மாற்றும். எச்பிஏ1சி முடிவு கடந்த இரண்டு மூன்று மாதச் சீனியைக் காட்டுவது, அதைத் தனியாகக் குறியுங்கள். சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனையான கிரியேட்டினினையும் விடவேண்டாம். வவுனியாப் பக்கம் காரணம் பிடிபடாத சிறுநீரக நோய் இருக்கிறது, அந்த எண் மெல்ல மெல்ல ஏறுவது வரிசையாக எழுதினால்தான் கண்ணில் படும்.

படங்களைக் குடும்ப வட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். வெளிநாட்டில் இருக்கிற தம்பி கேட்டால் அவருக்கு மட்டும் அனுப்புங்கள், அவர் எங்கோ வாசித்துவிட்டுச் சொன்னார் என்று மருந்தைக் கூட்டிக் குறைக்கவேண்டாம்.

1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் வருகிற சுவசெரிய அம்புலன்ஸ் 2018 முதல் வடக்கிலும் ஓடுகிறது, காசில்லை. எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு இலக்கம் சொல்லி வழி காட்டமுடியாது. அதனால் வழியைப் பதறாத நேரத்தில் எழுதி வையுங்கள். அம்மாவின் போனிலும் கதவுக்குப் பின்னாலும் நான் எழுதியிருப்பது இதுதான்: பிள்ளையார் கோயிலடிச் சந்தி, வாய்க்கால் கரையால் வந்து இரண்டாவது ஒழுங்கை, பச்சைக் கேற்.