பால்கனி குஷன்கள்: மழையிலும் வெயிலிலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பால்கனி நாற்காலிக்கும் ஊஞ்சலுக்கும் போடும் குஷன்கள் சென்னை மாதிரி ஊரில் சீக்கிரம் வீணாவது சகஜம். அதற்காக விலை உயர்ந்த கவர் வாங்க வேண்டியதில்லை. உள்ளே போன ஈரம் வெளியே வர வழி இருக்கிறதா என்று பார்த்தாலே பாதி வேலை முடிந்தது.

பெரிய தவறு, குஷனை பிளாஸ்டிக் ஷீட்டில் சுற்றி இறுக்கிக் கட்டுவதுதான். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் காற்றிலேயே ஈரம் நிற்கும். லேசாக நனைந்த ஸ்பாஞ்சை அப்படிக் கட்டிவைத்தால் பகல் சூட்டில் ஆவி கிளம்பி, ஷீட்டின் உட்பக்கம் முத்து முத்தாக வியர்த்துவிடும். ஓரிரு நாளில் பூஞ்சை வாடை வரும், அப்புறம் கறுப்புப் புள்ளிகள். தார்ப்பாய் போடலாம், ஆனால் கூரை மாதிரி சரிவாக, பக்கங்களைத் திறந்துவிட்டுப் போடுங்கள்.

உறை தைக்கும்போதே செய்யக்கூடிய மலிவான காரியம் ஒன்று உண்டு. மேல்பக்கத்துக்குக் குடைத் துணி, அடிப்பக்கத்துக்குப் பழைய கொசுவலைத் துணி என்று தையல்காரரிடம் சொல்லுங்கள். தையல் ஓட்டை வழியே இறங்கும் தண்ணீர் அடியில் வடிந்துவிடும். பருத்தி நூல் ஈரத்தில் இற்றுப்போகும், பாலியஸ்டர் நூல் கேளுங்கள். கடற்கரைப் பக்கம் இருப்பவர்கள் இரும்பு ஜிப்பைத் தவிர்ப்பது நல்லது. உப்புக்காற்றில் துருப்பிடித்து, துணியிலும் கறை இறங்கும்.

நனைந்த குஷனைப் படுக்கையாகக் காயவைப்பதும் தவறு. மேல்பக்கம் தொட்டால் காய்ந்த மாதிரி இருக்கும், நடுவில் தண்ணீர் அப்படியே நிற்கும். உறையைக் கழற்றி, ஸ்பாஞ்சைப் பழைய துண்டால் ஒற்றி அழுத்தி, சுவரில் செங்குத்தாகச் சாய்த்து வையுங்கள். முறுக்கிப் பிழிந்தால் ஸ்பாஞ்சு கிழியும்.

மழைக்குப் பயப்படும் அளவுக்கு வெயிலுக்கு யாரும் பயப்படுவதில்லை. கத்திரி வெயில் சாயத்தை வெளுக்கவைக்கும், ரெக்சினை வெடிக்கவைக்கும். மதியத்தில் குஷனை உள்ளே எடுத்துப் போடுவதற்குப் பைசா செலவில்லை. முடியாவிட்டால் வாரம் ஒரு முறையாவது திருப்பிப் போடுங்கள்.

தண்ணீர் ஒட்டாத ஸ்பிரே வாங்கினால், அது தூறலுக்குத்தான். கொட்டும் மழையை அது தடுக்காது, துவைத்த பிறகு மறுபடி அடிக்கவும் வேண்டும்.

பூஞ்சை வந்துவிட்டால் சிலர் பிளீச்சையும் வினிகரையும் சேர்த்து ஊற்றுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம், அதிலிருந்து குளோரின் வாயு கிளம்பும், மூச்சுக்கே ஆபத்து. உறைக்கு மிதமான சோப்புத் தண்ணீரும் மென்மையான பிரஷும் போதும். ஸ்பாஞ்சின் உள்ளேயே பூஞ்சை ஏறியிருந்தால், அதைத் தூக்கிப்போட்டுப் புது ஸ்பாஞ்சு மட்டும் வெட்டி வாங்கிப் பழைய உறையில் திணித்துக்கொள்ளுங்கள். முழு குஷன் வாங்குவதைவிடச் செலவு குறைவு.

பரணில் ஏற்றுவதாக இருந்தால் நன்றாகக் காய்ந்த பிறகு, பழைய பருத்திப் புடவையில் சுற்றி ஏற்றுங்கள். காற்றும் போகும், தூசியும் படியாது.