ஈஓசி தேர்வும் ஹைஸ்கூல் டிப்ளமாவும்: பெற்றோர் எதை, எப்போது சரிபார்க்க வேண்டும்

அமெரிக்காவின் பல மாநிலங்களில் ஹைஸ்கூல் டிப்ளமா, அதாவது பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததற்கான பள்ளிச் சான்றிதழ், பெறுவதற்கு இரண்டு தனித்தனிக் கணக்குகள் உண்டு. எந்தெந்தப் பாடத்தில் எத்தனை கிரெடிட் (பாடத்தை முடித்ததற்குக் கிடைக்கும் புள்ளி) சேர்ந்திருக்கிறது என்பது ஒன்று. மாநில அரசு நடத்தும் ஈஓசி எனப்படும் பாட இறுதித் தேர்வுகளின் நிலை என்ன என்பது மற்றொன்று. பன்னிரண்டாம் வகுப்பின் ஒரே பொதுத் தேர்வைப் பார்த்துப் பழகிய நம்மவர்கள் பலருக்கு, ஒன்பதாம் வகுப்பில், சில வேளை ஏழாம் எட்டாம் வகுப்பிலேயே எழுதிய ஒரு தேர்வு டிப்ளமாவைத் தடுத்து நிறுத்தக்கூடும் என்பது தோன்றுவதே இல்லை. வகுப்பில் தொடர்ந்து ‘ஏ’ வாங்கும் பிள்ளைக்கும் ஒரு தேர்வு நிலுவையில் நிற்கலாம். ஆகவே இரண்டு கணக்குகளையும் ஆண்டுதோறும் தனித்தனியே சரிபார்ப்பது நல்லது.

முதல் வேலையாக, உங்கள் மாநிலத்தில் அந்தத் தேர்வுக்கு என்ன அதிகாரம் இருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். சில மாநிலங்களில் அதில் தேறினால்தான் டிப்ளமா. சிலவற்றில் தேற வேண்டிய கட்டாயம் இல்லை, ஆனால் மதிப்பெண் பாடத்தின் இறுதி கிரேடில் சேர்க்கப்படும். கலிபோர்னியாவில் டிப்ளமாவுக்குக் கட்டாயமாக இருந்து, 2015இல் நிறுத்திவைக்கப்பட்ட மாநிலத் தேர்வு பின்னர் முற்றாக நீக்கப்பட்டது. மாசசூசெட்ஸில் 2024 நவம்பரில் மக்கள் வாக்களித்து, எம்காஸ் என்ற மாநிலத் தேர்வில் தேறினால்தான் டிப்ளமா என்ற விதியை எடுத்தார்கள். நியூயார்க்கில் ரீஜென்ட்ஸ் எனப்படும் மாநிலத் தேர்வுகளில் பொதுவாக 65 எடுத்தால்தான் டிப்ளமா என்பது நெடுங்கால வழக்கம். அந்தக் கட்டாயத்தைப் படிப்படியாகக் கைவிடும் திட்டத்தை மாநிலம் 2024இல் அறிவித்தது. எனவே பக்கத்து மாநிலத்தில் இருக்கும் உறவினர் சொல்வதை வைத்து முடிவெடுக்காதீர்கள். உங்கள் மூத்த பிள்ளையின் அனுபவமும் இளைய பிள்ளைக்குப் பொருந்தாமல் போகலாம், ஏனென்றால் விதிகள் பெரும்பாலும் மாணவர் ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்த ஆண்டை வைத்தே வகுக்கப்படுகின்றன. பள்ளியில் மாணவருக்கு வழிகாட்டும் கவுன்சிலரிடம் எதைக் கேட்டாலும் அந்த ஆண்டைக் குறிப்பிட்டுக் கேளுங்கள்.

தேறியே ஆக வேண்டிய மாநிலங்களில் டெக்சாஸைச் சற்று விரிவாகப் பார்க்கலாம். ஸ்டார் என்ற பெயரில் மாநிலம் நடத்தும், ஒருகாலத்தில் 15 ஆக இருந்த ஈஓசி தேர்வுகளை 2013ஆம் ஆண்டுச் சட்டம் ஐந்தாகக் குறைத்தது: அல்ஜீப்ரா 1, இங்கிலீஷ் 1, இங்கிலீஷ் 2, உயிரியல், அமெரிக்க வரலாறு. அடிப்படைத் திட்டத்துக்கு 22 கிரெடிட், ஒரு துறையில் கூடுதலாகப் படித்துப் பெறும் எண்டார்ஸ்மென்ட்டோடு முடிக்க 26 கிரெடிட். தேர்வு முடிவைப் படிப்பதில்தான் பெற்றோர் அதிகம் தடுமாறுகிறார்கள். முடிவு நான்கு நிலைகளில் வரும். அவற்றுள் கீழிருந்து இரண்டாவதான ‘அப்ரோச்சஸ்’ என்ற சொல், பிள்ளை தேர்ச்சியை இன்னும் எட்டவில்லை என்பதுபோல ஒலிக்கிறது. உண்மையில் டிப்ளமாவுக்கு அந்த நிலையே போதும். அல்ஜீப்ரா 1இல் அதற்கான அளவு 3550. ‘மீட்ஸ்’ என்ற அடுத்த நிலை 4000இல் தொடங்குகிறது. 3700 எடுத்த பிள்ளை தேறிவிட்டாள். அவளை மறுபடி எழுத வைக்கத் தேவையில்லை. அடுத்த கணக்குப் பாடத்துக்கு அவளுக்கு உதவி வேண்டும் என்பதற்கான குறிப்பாக மட்டும் அதை எடுத்துக்கொள்ளலாம். (‘அப்ரோச்சஸ்’ என்ற பெயரைச் சூட்டியவர்கள் அதை முதலில் பெற்றோர் யாரிடமாவது ஒருமுறை படித்துக் காட்டியிருக்கலாம்.)

மதிப்பெண் கிரேடில் கலக்கும் மாநிலங்களில் கவலை வேறு வகை. வட கரோலினாவில் ஈஓசி, இறுதி கிரேடில் குறைந்தது 20 விழுக்காடாகச் சேர்கிறது. ஆண்டு முழுவதும் வகுப்பில் 90 எடுத்த மாணவனுக்கு ஈஓசியில், நூற்றுக்கு மாற்றிய கணக்கில், 75 வந்தால் 90இன் 80 விழுக்காடு 72, 75இன் 20 விழுக்காடு 15, ஆக மொத்தம் 87. தொண்ணூறில் ‘ஏ’ தொடங்கும் பள்ளியில் அந்த ஒரு நாள் காலைத் தேர்வு ‘ஏ’யை ‘பி’ ஆக்கிவிடும். புளோரிடாவில் இரண்டும் உண்டு: அல்ஜீப்ரா 1, ஜியோமெட்ரி, உயிரியல், அமெரிக்க வரலாறு ஆகியவற்றின் ஈஓசி இறுதி கிரேடில் 30 விழுக்காடு, அதோடு அல்ஜீப்ரா 1 ஈஓசியிலும் பத்தாம் வகுப்பு ஆங்கிலத் தேர்விலும் தேறினால்தான் 24 கிரெடிட்டுக்கான வழக்கமான டிப்ளமா கிடைக்கும்.

நம் வீடுகளில் பிள்ளையை ஏழாம் அல்லது எட்டாம் வகுப்பிலேயே அல்ஜீப்ரா 1இல் சேர்க்கும் ஆர்வம் அதிகம். சேர்க்குமுன் ஒன்றை நினைவில் கொள்ளுங்கள்: பாடத்தை எப்போது படிக்கிறார்களோ அப்போதே ஈஓசியும் வந்துவிடும். புளோரிடாவில் அந்த கிரேடு ஹைஸ்கூல் சராசரிக்குள் போகும். ‘சி’யோ அதற்குக் கீழோ வந்தால் பாடத்தை மறுபடி படித்து மாற்றிக்கொள்ள வழியுண்டு, ‘பி’க்கு அந்த வழி இல்லை. டெக்சாஸில் நடுநிலைப் பள்ளியிலேயே அல்ஜீப்ரா ஈஓசியை முடித்தவர்கள் பின்னர் ஹைஸ்கூலில் எஸ்ஏடி அல்லது ஏசிடி என்ற கல்லூரி நுழைவுத் தேர்வை எழுத வேண்டும். பிள்ளை தயாராக இல்லாதபோது ஓராண்டு காத்திருப்பதில் எந்த நட்டமும் இல்லை என்பது என் கருத்து.

அடுத்து டிரான்ஸ்கிரிப்ட், அதாவது படித்த பாடங்கள், கிரேடுகள், கிரெடிட்டுகள் அடங்கிய பள்ளிப் பதிவு. பத்தாம் வகுப்பு முடிந்த கோடையில் அதை அச்சிட்டு, பக்கத்தில் மாநிலக் கல்வித் துறையின் டிப்ளமாப் பட்டியலை வைத்துக்கொண்டு, பென்சிலால் ஒவ்வொரு வரியாக டிக் அடியுங்கள். வர்ஜீனியாவில் இந்த வேலை மிக அவசியம், ஏனென்றால் அங்கே பாடத்தில் தேறினால் கிடைப்பது சாதாரண கிரெடிட். எஸ்ஓஎல் எனப்படும் மாநிலத் தேர்விலும் தேறினால்தான் அது ‘வெரிஃபைடு’ கிரெடிட் ஆகும். வழக்கமான டிப்ளமாவுக்கு 22 கிரெடிட்டோடு 5 வெரிஃபைடு கிரெடிட்டும் வேண்டும். எஸ்ஓஎல்லில் தேர்ச்சி 400. 375 முதல் 399 வரை எடுத்தவர்கள் அடுத்த பருவம்வரை காத்திராமல் விரைவில் மறுதேர்வு எழுதலாம். 392 எடுத்த பிள்ளையின் பெற்றோர் அன்றே இதைக் கேட்க வேண்டும்.

தேறாவிட்டால் பதற வேண்டாம். ஆனால் நாளைக் கடத்தவும் வேண்டாம். டெக்சாஸில் டிசம்பர், வசந்த காலம், ஜூன் என ஆண்டில் மூன்று முறை வாய்ப்பு வரும், எத்தனை முறையும் எழுதலாம். அதிகபட்சம் இரண்டு தேர்வுகளில் மட்டும் தவறிய பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்பு மாணவருக்காக முதல்வரும் பாட ஆசிரியரும் பெற்றோரும் அடங்கிய குழு ஒன்று கூடி, ஒரு செயல்திட்டத்தையோ படைப்புத் தொகுப்பையோ முடிக்கச் சொல்லி, ஒருமனதாக டிப்ளமாவுக்கு ஒப்புதல் தரலாம். அந்தக் குழுவில் உங்களுக்கும் வாக்கு உண்டு என்பதால் கூட்டத்துக்குக் கட்டாயம் போங்கள். புளோரிடா, எஸ்ஏடி, ஏசிடி போன்ற தேர்வுகளில் தான் வகுத்த மதிப்பெண்ணை எடுத்தவர்களை ஏற்கிறது. ஒஹாயோவில் அல்ஜீப்ரா 1, இங்கிலீஷ் 2 இரண்டிலும் 684 வேண்டும்; எட்டாதவர்கள் உதவி பெற்று ஒருமுறையேனும் மறுதேர்வு எழுதிய பிறகே மாற்று வழிகள் திறக்கும். அந்த மறுதேர்வைப் பன்னிரண்டாம் வகுப்பு வரை தள்ளிப்போட்டால் மாற்று வழிக்கு நேரம் இருக்காது.

வேலை காரணமாக மாநிலம் மாறுபவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். நாங்கள் இடம் மாறியபோது பழைய பள்ளி அனுப்பிய டிரான்ஸ்கிரிப்டில் கிரெடிட்டெல்லாம் சரியாக இருந்தது. மாநிலத் தேர்வு மதிப்பெண் ஒரு வரிகூட இல்லை. அது தனித் தாளில் வருவது என்பது எங்களுக்குத் தெரியாது, கேட்டுவாங்க வாரங்கள் ஆயின. வெளிமாநில மாணவருக்குச் சலுகைகள் உண்டு; வர்ஜீனியா, எந்த வகுப்பில் வந்து சேர்கிறார்கள் என்பதைப் பொறுத்து வெரிஃபைடு கிரெடிட் எண்ணிக்கையைக் குறைக்கிறது. ஆனால் சலுகையைக் கணக்கிடத் தாள்கள் வேண்டும். கிளம்புமுன் டிரான்ஸ்கிரிப்ட், மாநிலத் தேர்வு அறிக்கைகள், படித்த பாடங்களின் விளக்கம் மூன்றையும் வாங்கிவிடுங்கள். புதிய பள்ளியின் கவுன்சிலருக்கு மின்னஞ்சலில் இப்படி எழுதுங்கள்: “என் பிள்ளை ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்தது இந்த ஆண்டு, அல்ஜீப்ராவையும் உயிரியலையும் முந்தைய மாநிலத்தில் முடித்திருக்கிறாள். உங்கள் மாநிலத்தில் இவற்றின் ஈஓசியை அவள் எழுத வேண்டுமா? டிப்ளமாவுக்கு இன்னும் எவை பாக்கி?” பதில் நேரிலோ தொலைபேசியிலோ வந்தால், பேசியதைச் சுருக்கி நீங்களே மின்னஞ்சலில் அனுப்பி, சரிதான் என்று ஒரு வரி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், கவுன்சிலர் பாதியில் மாறிப் போனாலும் அந்த வரி உங்களிடம் இருக்கும்.