உயிர் மூலக்கூறுகள்: படிவம் 4 மாணவர்கள் சறுக்கும் இடங்கள்

கார்போஹைட்ரேட் சக்திக்கு, புரதம் வளர்ச்சிக்கு, கொழுப்பு கெடுதல், டி.என்.ஏ. மரபுக்கு. பிரிக்பீல்ட்ஸிலும் சரி, பினாங்கிலும் சரி, டியூஷன் நோட்டில் இந்த நாலு வரி எப்படியும் இருக்கும். மலேசியாவின் இடைநிலைப் பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம். உயிரியலில் மதிப்பெண் பறிபோவதற்கு இதை அப்படியே நம்புவதும் ஒரு காரணம் என்பேன்.

நாசி லெமாக் சோற்றில் உள்ள ஸ்டார்ச்சும், கங்கோங் தண்டில் உள்ள செல்லுலோஸும் குளுக்கோஸால் ஆனவைதான். முதலாவதில் ஆல்ஃபா குளுக்கோஸ், இரண்டாவதில் பீட்டா குளுக்கோஸ். பிணைப்பு வேறாகிவிடுகிறது, செல்லுலோஸின் பிணைப்பை அறுக்கும் என்சைம் நம் உடலில் சுரப்பதில்லை. அதனால் சோறு சக்தியாகிறது, தண்டின் செல்லுலோஸ் நார்ச்சத்தாகக் குடலைக் கடந்து போகிறது. "கார்போஹைட்ரேட் என்றால் சக்தி" என்று மட்டும் எழுதினால் செடியின் செல் சுவர் எங்கே போயிற்று?

அடுத்தது பெனடிக்ட் சோதனை. டின் பாலை நீரில் கரைத்து, பெனடிக்ட் கரைசல் விட்டுக் கொதிநீரில் வைத்தால் நிறம் மாறும். பாலில் உள்ள லாக்டோஸ் ஒடுக்கும் சர்க்கரை, அதாவது பெனடிக்ட் கரைசலில் உள்ள செம்பு அயனிக்கு எலக்ட்ரான் கொடுத்து நிறத்தை மாற்றக்கூடியது. வெறும் சீனித் தண்ணீரோ நீலமாகவே நிற்கும். உடனே "சர்க்கரை இல்லை" என்று எழுதிவிடுகிறார்கள். சீனி என்பது சுக்ரோஸ். அதில் குளுக்கோஸும் ஃப்ரக்டோஸும் தங்கள் வினைபுரியும் முனைகளாலேயே பிணைந்திருப்பதால் அது ஒடுக்காது. நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் சேர்த்துக் கொதிக்க வைத்தால் இரண்டும் பிரியும். ஆறவிட்டு, நுரைப்பது நிற்கும்வரை சோடியம் பைகார்பனேட் போட வேண்டும். பலர் விட்டுவிடுவது இந்தப் படியைத்தான். பெனடிக்ட் கரைசல் காரத்தன்மையில்தான் வேலை செய்யும். அமிலம் மிச்சமிருந்தால் சோதனை கெட்டுவிடும். சரியாகச் செய்தால் செங்கல் நிற வீழ்படிவு வரும்.

கொழுப்பில் இரண்டு தவறுகள். ஸ்டார்ச், புரதம் மாதிரி அதுவும் பாலிமர் என்று எழுதுவது ஒன்று. டிரைகிளிசரைடில் ஒரு கிளிசராலும் மூன்று கொழுப்பு அமிலங்களும்தான்; ஒரே அலகு திரும்பத் திரும்ப வரும் சங்கிலி கிடையாது. இரண்டாவது நம் ஊர்த் தவறு: செம்பனை எண்ணெய் போத்தலில் "கொலஸ்ட்ரால் இல்லை" என்று பார்த்துவிட்டு, நிறைவுற்ற கொழுப்பும் இல்லை என்று நினைப்பது. தாவர எண்ணெயில் கொலஸ்ட்ரால் பெயருக்குத்தான் இருக்கும், அதனால் போத்தலில் போட்டிருப்பது பொய்யில்லை. ஆனால் செம்பனை எண்ணெயின் கொழுப்பு அமிலங்களில் ஏறக்குறைய பாதி நிறைவுற்றவை. அதற்காகக் கொழுப்பே விஷம் என்றும் சொல்ல முடியாது. பாஸ்போலிப்பிட் என்ற கொழுப்பு வகை இல்லாமல் செல் சவ்வு ஏது?

என்சைம் "செத்துவிட்டது" என்று எழுதாதீர்கள், அது உயிர் இல்லை. சூட்டில் அதன் வடிவம் குலைகிறது; குளிரில் வேகம் குறைகிறது, அவ்வளவுதான். அப்புறம், என்சைம்களில் பெரும்பாலானவை புரதம், எல்லாமே அல்ல. ஆர்.என்.ஏ.வும் வினையூக்கியாகச் செயல்படும் என்று கண்டறிந்ததற்காகத்தான் சிட்னி ஆல்ட்மனுக்கும் தாமஸ் செக்குக்கும் 1989இல் வேதியியல் நோபல் கிடைத்தது.

டி.என்.ஏ.வை அமினோ அமிலச் சங்கிலி என்று எழுதுபவர்களும் உண்டு. அது நியூக்ளியோடைடுகளின் சங்கிலி; ஒவ்வொன்றிலும் ஒரு சர்க்கரை, ஒரு பாஸ்பேட், ஒரு நைட்ரஜன் காரம் (base) இருக்கும். அமினோ அமிலங்கள் புரதத்தில் இருப்பவை. டி.என்.ஏ.வில் அடுத்தடுத்து வரும் மூன்று காரங்கள் சேர்ந்து ஓர் அமினோ அமிலத்தைக் குறிக்கும்.