மூன்று மாதம் முதுகுப் பையோடு தென்கிழக்கு ஆசியா: திட்டம் போடுவது எப்படி?

ஆபீஸ், டிராபிக், மாதக் கடைசி எல்லாவற்றையும் விட்டுவிட்டுக் கொஞ்ச நாள் எங்கேயாவது ஓடிவிட வேண்டும் என்று நினைப்பவர்கள் முதலில் செய்கிற காரியம் நாடுகளின் பட்டியல் போடுவது. மூன்று மாதத்தில் ஏழு நாடு, எட்டு நாடு என்று நீளும். அதை அப்படியே கிழித்துப் போட்டுவிடுங்கள். பத்து நாள் டூர் வேறு, மூன்று மாதம் வேறு. மூன்றாவது வாரத்திலேயே துணி துவைப்பது, நாளைக்கு எங்கே படுப்பது, எந்த பஸ், யாரிடம் பேரம் என்று அதுவும் ஒரு தினசரிப் பிழைப்பாகிவிடும். அதனால் சுற்றிப் பார்க்கப் போகிறோம் என்று நினைக்காமல், வெளியூரில் குடித்தனம் நடத்தப் போகிறோம் என்று நினைத்துத் திட்டம் போடுங்கள். நான்கு நாடு தாராளம். ஒரு ஊரில் நான்கைந்து நாளாவது இருங்கள், வாரத்தில் ஒரு நாள் எதையும் பார்க்கப் போகாதீர்கள்.

முதலில் வீட்டுக் கணக்கு. நோட்டீஸ் காலம் மூன்று மாதம் என்றால் பயண வேலை அதற்கும் முன்னால் ஆரம்பிக்க வேண்டும். வேலையை விட்டால் கம்பெனி கொடுத்த மருத்துவக் காப்பீடும் போய்விடும், அதில் அப்பா அம்மா இருந்தால் அவர்களுக்குத் தனிப் பாலிசி எடுத்த பிறகுதான் ராஜினாமா. ஈஎம்ஐ, வாடகை, திரும்பி வந்து வேலை தேடும் மாதங்களுக்கான செலவு, எல்லாம் வேறு கணக்கில் கிடக்கட்டும். பயணப் பணத்தோடு அதைக் கலக்காதீர்கள், கலந்தால் கரைந்துவிடும். அங்கே நாளுக்கு இரண்டாயிரத்திலிருந்து மூவாயிரம் ரூபாய் வரை வைத்துக்கொண்டால் ஹாஸ்டல் படுக்கை, தெருவோரச் சாப்பாடு, பஸ், ரயில் என்று சுமாராக ஓட்டலாம். விமானச் சீட்டு, விசா, காப்பீடு இதற்கு வெளியே.

வழி எப்படி என்றால், திருச்சியிலிருந்து கோலாலம்பூருக்கு நேரடி விமானம் இருக்கிறது, நம் பக்கத்தில் இதைவிட எளிதான வாசல் கிடையாது. பத்து மலையைப் பார்த்துவிட்டு ரயிலில் பட்டர்வொர்த், அங்கிருந்து படகில் பினாங்கு. பினாங்கின் தலைநகரான ஜார்ஜ்டவுனில் தமிழிலேயே கேட்டுச் சாப்பிடலாம் என்பதால் முதல் வாரத்தின் பயம் தெளிய நல்ல இடம். அப்புறம் ரயிலில் எல்லை ஊரான பாடாங் பெசார். அந்த ஸ்டேஷனுக்குள்ளேயே மலேசிய முத்திரையும் தாய்லாந்து முத்திரையும் குத்திவிடுவார்கள். கடிகாரத்தை மட்டும் ஒரு மணி நேரம் பின்னால் வையுங்கள். பாங்காக், சியாங் மாய், பிறகு லாவோஸ் எல்லையில் ஹுவாய் சாய். அங்கிருந்து மீகாங் ஆற்றில் இரண்டு நாள் மெதுபடகு, நடுவில் பாக்பெங் என்ற சின்ன ஊரில் ஓர் இரவு, இரண்டாம் நாள் சாயங்காலம் லுவாங் பிரபாங். அங்கிருந்து தலைநகர் வியன்டியானுக்கு 2021 டிசம்பரில் திறந்த ரயில் இருக்கிறது, முன்பு பஸ்ஸில் பகல் முழுக்க ஆன தூரம் இப்போது சுமார் இரண்டு மணி நேரம். கடைசியாக வியட்நாம். ஹனோயிலிருந்து ஹோ சி மின் நகரம் 1,726 கிலோமீட்டர் ரயில் பாதை, அதை ஒரே மூச்சில் போகாமல் ஹுவே, தா நாங் என்று இறங்கி இறங்கிப் போகலாம்.

எந்த மாதம் கிளம்புவது என்பதில்தான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். பிப்ரவரியிலிருந்து ஏப்ரல் வரை தாய்லாந்தின் வடக்கிலும் லாவோஸிலும் வயலையும் காட்டையும் எரிப்பார்கள், சியாங் மாயில் எதிரே இருக்கும் மலையே தெரியாது, மூச்சுத் தொந்தரவு உள்ளவர்கள் அந்தப் பக்கமே போகக் கூடாது. வியட்நாமின் நடுப்பகுதியில் அக்டோபர், நவம்பரில் வெள்ளம். ஜனவரிக் கடைசிக்கும் பிப்ரவரி நடுவுக்கும் இடையில் தேத் என்ற அவர்களுடைய புத்தாண்டு வரும், தீபாவளிக்கு முந்தின நாள் கோயம்பேடு மாதிரி ரயிலெல்லாம் நிரம்பி வழியும், பாதிக் கடை மூடியிருக்கும். இதையெல்லாம் கூட்டிக் கழித்தால், நவம்பர் கடைசியில் கிளம்பி டிசம்பரில் சியாங் மாய், ஜனவரியில் லாவோஸ், தேத் முடிந்ததும் வியட்நாம் என்று வரும்.

விசா விதிகள் மாறிக்கொண்டே இருக்கும், டிக்கெட் எடுக்கும் வாரத்தில் அந்தந்த நாட்டு அரசுத் தளத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள். மலேசியா 2023 டிசம்பரிலிருந்து இந்தியர்களை விசா இல்லாமல் 30 நாள் விடுகிறது. தாய்லாந்தும் விசா இல்லாமல் விடத் தொடங்கி 2024 ஜூலையில் அதை 60 நாளாக்கியது, குறைக்கப் போவதாகவும் பேச்சு அடிபட்டது. அதனால் பழைய வீடியோவை நம்பாதீர்கள். லாவோஸுக்கு விசா வேண்டும், எல்லையிலேயே டாலர் கட்டி வாங்கலாம். வியட்நாமுக்கு முன்கூட்டியே இணையத்தில் 90 நாள் மின்விசா, 25 டாலர். அதில் எந்த வாசல் வழியாக நுழைகிறீர்கள் என்று கேட்பார்கள், சில எல்லைச் சாவடிகளில் மின்விசா செல்லாது என்பதால் பட்டியலைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள்.

நமக்கென்றே ஒரு தொல்லை உண்டு: இனிஷியல். பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயர் கட்டம் காலியாக இருக்கும், அல்லது அப்பா பெயர் அங்கே போயிருக்கும். விமானச் சீட்டு, விசா, ஹோட்டல் மூன்றிலும் பாஸ்போர்ட்டில் இருக்கிறபடியே எழுதுங்கள், வீட்டில் கூப்பிடுகிறபடி எழுதாதீர்கள். பாஸ்போர்ட் இன்னும் ஆறு மாதத்துக்கு மேல் செல்லுபடியாக வேண்டும். அப்புறம், தாய்லாந்து வழியாக மியான்மர், கம்போடிய இணைய மோசடிக் கூடங்களுக்கு நம் பையன்களை வேலை ஆசை காட்டிக் கடத்திக்கொண்டு போன விவகாரத்துக்குப் பிறகு, தனியாகப் போகும் இளைஞர்களை நம் விமான நிலையத்திலேயே குடைந்து கேட்பது உண்டு. திரும்பும் டிக்கெட், முதல் சில நாள் தங்குமிடம், வங்கிக் கணக்கு விவரம் மூன்றையும் தாளில் அச்சடித்து வைத்துக்கொண்டால் பேச்சு சீக்கிரம் முடியும். அங்கே போன பிறகு யாராவது 'டேட்டா என்ட்ரி வேலை இருக்கு, சம்பளம் டாலரில்' என்றால் அந்த எண்ணை உடனே பிளாக் பண்ணுங்கள்.

பணத்துக்கு இரண்டு வங்கிக் கார்டு, இரண்டும் ஒரே பர்ஸில் கூடாது. வெளிநாட்டுப் பயன்பாட்டை வங்கி ஆப்பில் கிளம்பும் முன்பே திறந்துவிடுங்கள். தாய்லாந்து ஏடிஎம்கள் எடுக்கும் ஒவ்வொரு முறையும் 220 பாட் அல்லது அதற்கு மேல் பிடிக்கும், அதனால் குறைந்த தடவை, பெரிய தொகை. ரூபாயில் கழிக்கவா என்று திரை கேட்டால் வேண்டாம் என்று சொல்லி அந்த ஊர்ப் பணத்தையே அழுத்துங்கள், இல்லையென்றால் மாற்று விகிதத்தில் தீட்டிவிடுவார்கள். டாலர் நோட்டு கொண்டுபோனால் கிழிசல், கறை இல்லாததாகப் பார்த்து வாங்குங்கள். நம்ம சிம்மைத் தூக்கிப் போடாதீர்கள், ஓடிபி எல்லாம் அதில்தான் வரும். ரோமிங்கைத் திறந்து, ரீசார்ஜ் தீர்ந்துபோகாமல் பார்த்துக்கொண்டு, இன்டர்நெட்டுக்கு மட்டும் அந்த ஊர் சிம் வாங்கினால் போதும்.

பைக் வாடகைக்கு எடுக்கும் ஆசை எல்லோருக்கும் வரும். ஆர்டிஓ கொடுக்கும் சர்வதேச ஓட்டுநர் அனுமதி 1949 சர்வதேசச் சாலைப் போக்குவரத்து ஒப்பந்தப்படியானது, தாய்லாந்தில் செல்லும். வியட்நாம், 1968-இல் வந்த வேறோர் ஒப்பந்தத்து அனுமதியை மட்டும்தான் ஏற்கிறது. கடைக்காரர் சாவியைச் சிரித்துக்கொண்டே கொடுப்பார், ஆனால் விழுந்து கால் உடைந்தால் காப்பீட்டுக் கம்பெனி உரிமம் இல்லை என்று கைவிரித்துவிடும். வியட்நாமில் பின்சீட்டில் உட்கார்ந்து போவதே மேல்.

சைவக்காரர்களுக்கு: தாய்லாந்தில் 'ஜே', வியட்நாமில் 'ஆன் சாய்' என்று கேளுங்கள். வெறுமனே கறி வேண்டாம் என்றால் மீன் சாறு ஊற்றித்தான் தருவார்கள்.

பை விஷயம் சுருக்கமாகவே போதும். 40 லிட்டருக்கு மேல் வாங்காதீர்கள், மலிவு விமானங்களில் கையில் 7 கிலோதான். நான்கு செட் துணி, ஒரு மழைக்கோட்டு, வழக்கமாகச் சாப்பிடும் மாத்திரையும் அதன் சீட்டும். ஸ்வெட்டரை இங்கிருந்து சுமக்காதீர்கள். பிப்ரவரி ஹனோய் நம் ஊர்க்காரர்களை நடுங்க வைக்கும்தான், ஆனால் அதை ஹனோயிலேயே வாங்கி, தெற்கே ரயில் ஏறும்போது ஹாஸ்டலில் யாருக்காவது கொடுத்துவிட்டு வந்துவிடலாம்.